நீச்சல் குளம் கீழேயே இருக்கிறது, மருந்துக்கடை எங்கே?

இரவு ஒன்பதரை. பையனுக்கு உடம்பு கொதித்தது. தெர்மாமீட்டரை அமுக்கினால் திரை ஒருமுறை கண்ணைச் சிமிட்டிவிட்டு அணைந்துபோனது. பேட்டரி தீர்ந்துவிட்டது. சட்டைப் பொத்தானைவிடச் சின்ன பேட்டரி, முதுகில் எல்ஆர்41 என்று எழுதியிருக்கும். வாங்கிவரக் கிளம்பினேன். பன்னிரண்டாவது மாடியில் லிஃப்டுக்குக் காத்து நின்றது 3 நிமிடம். கீழே நீச்சல் குளத்தைச் சுற்றி, கிளப் ஹவுஸைத் தாண்டி, மூன்று டவர்களைக் கடந்து கேட்டுக்கு வந்து சேர 6 நிமிடம். கேட்டிலிருந்து கடைக்கு இன்னும் 13 நிமிடம். கடை சாத்தியிருந்தது. திரும்பி வரும்போது குளத்தில் நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தண்ணீர் அசையவே இல்லை.

அந்த வீட்டுக்கு நாங்கள் குடிபோனதே அந்தக் குளத்தைப் பார்த்துத்தான்.

அதற்கு முன் ஆறு வருடம் இருந்தது மூன்று மாடிப் பழைய கட்டிடம் ஒன்றில். மொத்தமே 12 வீடு, லிஃப்ட் கிடையாது, படியிறங்கிக் கேட்டைத் திறந்தால் தெரு. அங்கே அந்த பேட்டரி வாங்க இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். ஆனால் பையன் பந்தை உருட்ட ஓர் அடி இடம் கிடையாது. அதற்காகத்தான் மாறினோம். 9 டவர், சுமார் 700 வீடு கொண்ட வளாகத்தில் நான்கு வருடம் ஓடியது. இப்போது மறுபடியும் வீடு மாற வேண்டிய கட்டம். பட்டியலில் மூன்று வகை நின்றன: இதே மாதிரி இன்னொரு பெரிய வளாகம், பழைய மாதிரி ஒரு சின்னக் கட்டிடம், இரண்டுக்கும் நடுவே 60 வீடு உள்ள ஓர் அடுக்ககம். வீட்டில் நான், மனைவி, ஒன்பது வயதுப் பையன், எழுபத்தாறு வயது அப்பா. கீழே உள்ள கணக்கெல்லாம் இந்த நான்கு பேருக்காகப் போட்டது. உங்கள் வீட்டில் ஆட்கள் வேறு என்றால் விடையும் வேறாக வரும்.

மதிலைச் சுற்றி ஒரு நடை

1929-ல் கிளாரன்ஸ் பெர்ரி என்ற அமெரிக்க நகரத் திட்டமிடுநர், ஒரு குடியிருப்புப் பகுதி எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று ஓர் அளவு வகுத்துக் கொடுத்தார். நடுவில் பள்ளிக்கூடம், அங்கிருந்து எல்லை வரை ஏறக்குறைய கால் மைல், ஓரங்களில் கடைகள். கால் மைல் என்றால் சுமார் 400 மீட்டர். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பவருக்கு ஐந்து நிமிடம். வீட்டு விளம்பரத்தில் இன்றும் வரும் “ஐந்தே நிமிட நடையில் கடைவீதி” என்பதும் இதே அளவுதான். எங்கிருந்து ஐந்து நிமிடம் என்பதை மட்டும் விளம்பரம் சொல்லாது.

பெரிய வளாகத்துக்கு அந்தத் தூரத்தை மதிலிலிருந்து அளக்கிறார்கள். நாமோ மதிலில் குடியிருப்பதில்லை. எங்கள் டவரின் ஜன்னலில் நின்றால் ஒரு தையல்கடையின் போர்டு தெளிவாகத் தெரியும். நேர்கோட்டில் பார்த்தால் 60 மீட்டர்கூட இருக்காது. ஆனால் நடுவில் மதில், மதிலுக்கு ஒரே கேட், அந்தக் கேட் எதிர்ப்பக்கம். தைக்கக் கொடுத்த சட்டையை வாங்க ஒன்றேகால் கிலோமீட்டர் சுற்றினேன். பின்பக்கம் ஒரு சின்ன வாசல் இருக்கத்தான் செய்தது. ஆள் போட்டால் செலவு என்று அதைப் பூட்டி வைத்திருந்தார்கள். பெரிய வளாகத்தில் வீடு பார்க்கிறவர்கள் எத்தனை கேட் இருக்கிறது என்று கேட்டால் போதாது, நடந்து போகிறவர்களுக்கான வாசல் எந்த நேரத்தில் திறந்திருக்கும் என்று கேட்க வேண்டும். “திறப்போம் சார், அசோசியேஷனில் பேசிக்கொண்டிருக்கிறோம்” என்று பதில் வந்தால், திறக்க மாட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளலாம்.

வளாகத்துக்கு உள்ளேயே கடை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. எங்கள் வளாகத்துக் கடையில் சோப்பு, நோட்டுப் புத்தகம், கயிறு எல்லாம் கிடைக்கும். ஆனால் ஒரே கடை என்பதால் அவர் வைத்ததுதான் சரக்கு, அவர் மூடுவதுதான் நேரம். தெருவில் நான்கு கடை வரிசையாக இருந்தால் ஒன்று மூடினாலும் இன்னொன்று திறந்திருக்கும். இதைத் தவிர சின்னச் சின்ன வேலைக்காரர்கள் இருக்கிறார்கள்: செருப்பு தைப்பவர், சாவி போடுபவர், குடை ரிப்பேர் செய்பவர். இவர்கள் கேட் வைத்த வளாகத்துக்குள் வருவதில்லை. சாவி தொலையும் நாளில்தான் அவர்கள் ஞாபகம் நமக்கு வரும்.

“இப்போது எல்லாம் ஆப்பில் வந்துவிடுமே, தூரம் ஒரு விஷயமா?” என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. எங்கள் வீட்டுக்கு வாரம் நான்கு பொருளாவது அப்படித்தான் வந்தது. ஆனால் கொண்டுவருபவர் கேட்டில் பெயர் எழுதி, டவர் தேடி, லிஃப்ட் பிடித்து வருவதற்குள் ஆப் காட்டிய நேரத்தில் இன்னும் கால் மணி நேரம் சேர்ந்துவிடும். அது கூடப் பரவாயில்லை. என்னை யோசிக்க வைத்தது அப்பாதான். பழைய வீட்டில் தினம் இரண்டு தடவையாவது ஏதோ ஒரு சாக்கில் கீழே இறங்கிவிடுவார். செய்தித்தாள், ஜெராக்ஸ், சவரம் என்று ஏதாவது ஒன்று இருக்கும். பொருள் வீட்டுக்கே வர ஆரம்பித்த பிறகு அவருக்கு வெளியே போகக் காரணம் இல்லாமல் போயிற்று.

குளத்துக்குக் கட்டும் பங்கு

வசதிகள் பட்டியலைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். நீச்சல் குளம், ஜிம், கிளப் ஹவுஸ், ஷட்டில் கோர்ட், நூலகம், நடைபாதை, குழந்தைகள் விளையாடுமிடம் என்று போகும். நான்கு வருடத்தில் நாங்கள் எதை எவ்வளவு பயன்படுத்தினோம் என்று மனைவியும் நானும் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்தோம். குளத்தில் முதல் இரண்டு மாதத்தில் ஒன்பது தடவை இறங்கினேன், அதன் பிறகு வருடத்துக்கு மூன்றோ நான்கோ. ஜிம்முக்கு ஒவ்வொரு ஜனவரியிலும் போனேன். நூலகம் என்று போர்டு மாட்டிய அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். நடைபாதையில் அப்பா தினமும் நடந்தார். விளையாடுமிடம் பையனுக்குத் தினமும். பெஞ்சு எல்லோருக்கும் தினமும். ஆக, செய்யவும் பராமரிக்கவும் செலவு குறைவான மூன்று பொருள்தான் எங்களுக்கு உண்மையில் உழைத்தன.

குளத்தை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நீந்துகிறவர்கள் வீட்டில் இருந்தால் அதைவிடப் பெரிய வசதி இல்லை. ஆனால் யாரும் இறங்காத நாளிலும் அதற்குச் செலவு நிற்காது. தினம் காலை ஆறு மணிக்கு ஒரு இளைஞர் குளத்து ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, இரண்டு சின்னக் குழாய்களில் தண்ணீர் மொண்டு, சொட்டு மருந்து விட்டு, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து நிறம் பார்ப்பார். குளோரின் 1 முதல் 3 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச் அளவு 7.2 முதல் 7.8-க்குள் இருக்க வேண்டும். அதற்கப்புறம் வடிகட்டியும் மோட்டாரும் மணிக்கணக்கில் ஓடும். (குளத்தில் மூக்கைத் துளைக்கும் வாடை வந்தால் குளோரின் அதிகம் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அது வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு கலந்து உண்டாகும் குளோரமின் வாடை. வீடு பார்க்கப் போகும்போது மூக்குக்கும் வேலை கொடுக்கலாம்.)

இங்கே ஒரு கணக்குப் போட்டேன். எங்கள் வளாகத்துக் குளம் 20 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.2 மீட்டர். மொத்தம் 1,92,000 லிட்டர். 700 வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 274 லிட்டர். பட்டியலில் இருந்த 60 வீட்டு அடுக்ககங்களில் ஒன்றில், விளம்பரத்துக்காகவோ என்னவோ, 12-க்கு 6 மீட்டரில் ஒரு குட்டிக் குளம் வைத்திருந்தார்கள். அதே ஆழம் என்றால் 86,400 லிட்டர், வீட்டுக்கு 1,440 லிட்டர். பாதிக்கும் சின்னக் குளத்துக்கு ஒவ்வொரு வீடும் தாங்கும் பங்கு ஐந்து மடங்குக்கு மேல். நடுத்தர அடுக்ககத்தில் குளம் இருப்பது எனக்கு வசதியாகப் படவில்லை, எச்சரிக்கையாகவே பட்டது. அந்த அடுக்ககத்தை அன்றே பட்டியலிலிருந்து அடித்து, குளமில்லாத வேறொரு 60 வீட்டு அடுக்ககத்தை அந்த இடத்தில் சேர்த்தோம்.

காவலுக்கும் இதே கணக்குதான். ஒரு கேட்டில் இரவு பகல் ஓர் ஆள் இருக்க வேண்டும் என்றால் வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் வாரம் 48 மணி நேரம் வேலை பார்த்தால் மூன்றரை ஆள் வேண்டும், லீவு எல்லாம் சேர்த்தால் நான்கு. 12 வீட்டுக் கட்டிடத்தில் மூன்று வீடு சேர்ந்து ஓர் ஆள் சம்பளத்தைத் தூக்க வேண்டும். அது முடியாததால்தான் சின்னக் கட்டிடங்களில் பெரும்பாலும் ராத்திரிக்கு மட்டும் ஓர் ஆள், அல்லது அதுவும் இல்லை. 60 வீட்டில் 15 வீட்டுக்கு ஓர் ஆள் சம்பளம், தாங்கக்கூடியது. 700 வீட்டில் ஏழு இடத்தில் காவல் போட்டால் 28 ஆள், 25 வீட்டுக்கு ஒருவர். ஆக, மெயின்டனன்ஸ் தொகை எங்கே குறைவு என்று பார்ப்பதைவிட, அந்தத் தொகை எதற்குப் போகிறது என்று வருடக் கணக்கை வாங்கிப் பார்ப்பது மேல். குறைவாக வாங்குகிறார்கள் என்றால் லிஃப்ட் மாற்றவும் பெயின்ட் அடிக்கவும் ஒன்றும் சேர்த்து வைக்கவில்லை என்று அர்த்தமாகவும் இருக்கலாம்.

பராமரிக்கப் பணம் இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல வசதியும் எப்படிப் போகும் என்பதற்கு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் இருந்த புரூயிட்-ஐகோ குடியிருப்பைச் சொல்வார்கள். 11 மாடியில் 33 கட்டிடம், 1954-ல் ஆட்கள் குடியேறத் தொடங்கினார்கள். லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது, மூன்று மாடிக்கு ஒருமுறைதான். நிற்கும் மாடிகளில் குழந்தைகள் விளையாடவும் துணி துவைக்கவும் அகலமான பொது வராந்தாக்கள் வைத்தார்கள். காகிதத்தில் அழகான யோசனை. பராமரிப்புச் செலவு வாடகையிலிருந்து வர வேண்டும் என்று ஏற்பாடு. ஆட்கள் காலி செய்யச் செய்ய வாடகை குறைந்தது, விளக்கும் லிஃப்டும் பழுதாகிக் கிடந்தன, வராந்தாக்களில் நடக்கவே மக்கள் பயந்தார்கள். 1972-ல் இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். அது வீணாய்ப் போனதற்குக் காரணம் ஒன்றல்ல, வறுமை, இனப் பாகுபாடு என்று பல. ஆனாலும், இன்று ஒரு வளாகத்தில் காலி வீடு எத்தனை, மெயின்டனன்ஸ் பாக்கி எவ்வளவு என்று நான் கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

லிஃப்ட் நின்றுபோன காலை

1854-ல் நியூயார்க்கில் ஒரு கண்காட்சியில் எலிஷா ஓட்டிஸ், தான் நின்றிருந்த மேடையின் கயிற்றை அறுக்கச் சொல்லி, மேடை விழாமல் நிற்பதைக் காட்டினார். மூன்று வருடத்தில் அதே ஊரில் ஒரு கடைக் கட்டிடத்தில் ஆட்கள் ஏறும் லிஃப்ட் வந்தது. அதுவரை உச்சி மாடி என்றால் ஏழைகளுக்கு. லிஃப்ட் வந்த பிறகு அதுவே விலை கூடியது. லிஃப்ட் ஓடாத நாளில் நாம் மறுபடி 1854-க்கு முன்னால் போய்விடுகிறோம்.

எங்கள் டவரில் 13 மாடிகளில் மாடிக்கு ஆறு வீடு, மொத்தம் 78 வீட்டுக்கு இரண்டு லிஃப்ட். ஒன்று சர்வீஸுக்கு நின்றால் 78 வீட்டுக்கும் ஒன்றுதான். காலை எட்டு மணிக்குப் பள்ளிக்கூடப் பைகளோடு நிற்கும் கூட்டத்தில், மேலிருந்து நிரம்பி வரும் லிஃப்ட் நம் மாடியில் கதவைத் திறந்து, எல்லோரும் சங்கடமாகச் சிரித்துவிட்டு, மறுபடி மூடிக்கொள்ளும். ஒருநாள் இரண்டும் நின்றன. மாடிக்கு 18 படி. பன்னிரண்டு மாடிக்கு 216 படி இறங்கினோம். அப்பா அன்று மருத்துவரைப் பார்க்கப் போகவில்லை.

சின்னக் கட்டிடத்தில் லிஃப்டே இல்லை என்றாலும் மூன்றாவது மாடிக்கு 54 படிதான். எனக்கு அது ஒன்றுமில்லை. எழுபத்தாறு வயது முழங்காலுக்கு அது தினமும் ஒன்றுமில்லாமல் இருக்காது. சிங்கப்பூரின் பழைய அரசு அடுக்ககங்கள் பலவற்றிலும் லிஃப்ட் சில மாடிகளில் மட்டும்தான் நின்றது. மற்றவர்கள் ஒன்றிரண்டு மாடி ஏறவோ இறங்கவோ வேண்டும். குடியிருந்தவர்களுக்கு வயதாக ஆக அதுவே தொல்லையாகி, எல்லா மாடியிலும் நிற்கும்படி மாற்ற 2001-ல் தனியாக ஒரு திட்டமே தொடங்கினார்கள். வீட்டுக்குக் குடிபோகும்போது நமக்கு இருக்கும் வயதிலேயே நாம் நின்றுவிடுவதில்லை.

வீடு பார்க்கும்போது கேட்க வேண்டியவை இரண்டு. கரண்ட் போனால் ஜெனரேட்டர் லிஃப்டையும் இழுக்குமா, இல்லை படிக்கட்டு விளக்கோடு சரியா? படுக்கவைத்த நிலையில் ஒருவரை உள்ளே கொண்டுபோக லிஃப்டில் இடம் இருக்கிறதா? இரண்டாவதைக் கேட்டால் வீடு காட்டுபவர் முகம் சுருங்கும். அதனால் நான் கேட்பதில்லை, டேப் கொண்டுபோய் அளந்துவிடுகிறேன். இன்னொன்று, பல ஊர்களில் பயன்பாட்டில் உள்ள தீயணைப்பு ஏணி வண்டிகள் சுமார் 30 மீட்டர் வரைதான் எட்டும். பத்து மாடிக்கு மேல் போகிறோம் என்றால் அந்தக் கட்டிடத்தின் தீயணைப்புக் குழாயும், பூட்டாத படிக்கட்டும்தான் நம்பிக்கை. படிக்கட்டில் பழைய சைக்கிளும் அட்டைப் பெட்டியும் அடைத்து வைத்திருந்தால் அந்த அசோசியேஷன் எப்படி நடக்கிறது என்பதும் சேர்ந்து தெரிந்துவிடும்.

குழாயும் காதும்

தண்ணீர் பற்றிச் சுருக்கமாக. மொட்டை மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீருக்கு 10 மீட்டர் உயரத்துக்குச் சுமார் ஒரு ‘பார்’ அழுத்தம் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு). உச்சி மாடி வீட்டுக்கும் தொட்டிக்கும் இடையே மூன்று நான்கு மீட்டர்தான் என்பதால் 0.3, 0.4 பாரோடு ஷவர் அழும். வாஷிங் மெஷின்களில் பல, அரை பாராவது கேட்கும். சின்னக் கட்டிடத்தில் உச்சி மாடி எடுப்பவர்கள் வீட்டுக்குள் தனி மோட்டார் வைக்க வேண்டிவரும். பெரிய வளாகத்தில் பம்ப் வைத்து எல்லா மாடிக்கும் ஒரே அழுத்தத்தில் தள்ளுவார்கள். இந்த விஷயத்தில் பெரியதே மேல். வீடு பார்க்கப் போனால் வெட்கப்படாமல் எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டுப் பாருங்கள்.

சத்தத்தில் நான் ஏமாந்தேன். தெருவில் இருந்து தப்பித்து வளாகத்துக்குள் போனால் அமைதி என்று நினைத்திருந்தேன். தெருச் சத்தம் போனது உண்மை. ஆனால் இரண்டு டவருக்கு நடுவே ஒரு பந்து குதித்தால் அந்தச் சத்தம் சுவருக்குச் சுவர் மோதி ஏறி வருகிறது. கிளப் ஹவுஸில் பிறந்தநாள் விழா வைத்தால் பன்னிரண்டாவது மாடிக்குப் பாட்டு வரிகளே கேட்கும். டெசிபல் கணக்கில் 10 கூடினால் காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றும். படுக்கையறையில் 30 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது என்பது உலகச் சுகாதார அமைப்பு முன்பு சொன்ன அளவு. அந்த அளவில் தூங்கும் வீடு நகரத்தில் மூன்று வகையிலும் அபூர்வம். தெருவைப் பார்த்த வீடா, பின்பக்க வீடா என்பது, பெரிய வளாகமா சின்னக் கட்டிடமா என்பதைவிட முக்கியம் என்று இப்போது நினைக்கிறேன்.

12 பேரும் 700 பேரும்

பெரிய வளாகத்தில் எங்கள் குளியலறைக் கூரையில் ஓதம் வந்தது. முதலில் கைக்குட்டை அளவு ஈரத் திட்டு. ஆபீஸில் புகார் எழுதினேன், டிக்கெட் நம்பர் கொடுத்தார்கள். ஒருவர் வந்து போட்டோ எடுத்தார், டிக்கெட் மூடப்பட்டது. மறுபடி புகார், மறுபடி போட்டோ. நான்கு தடவை மூடி ஐந்து மாதம் கழித்து மேல்வீட்டுத் தரையைப் பெயர்த்தார்கள். அதற்குள் கைக்குட்டை பெட்ஷீட் ஆகியிருந்தது. அந்த ஐந்து மாதத்தில் மேல்வீட்டுக்காரர் முகத்தை நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

சின்னக் கட்டிடத்திலும் இதே ஓதம் வந்திருக்கிறது. மேல்வீட்டு அக்கா அன்று சாயங்காலமே வந்து அண்ணாந்து பார்த்து, “அய்யோ, எங்க வீட்டுக் குழாய்தான்” என்றார். ஆனால் சரிசெய்ய அப்போது அவரிடம் பணம் இல்லை. மூன்று மாதம் தள்ளிப்போனது. முகம் தெரிந்தவரிடம் கறாராகவும் பேச முடியாது. கூட்டம் போடத் தேவையில்லை, படிக்கட்டில் நான்கு பேர் சந்தித்தால் முடிவு எடுத்துவிடலாம். ஆனால் 12 பேரில் ஒருவர் பணம் தர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டால் எட்டு சதவீதம் ஓட்டை. மோட்டார் எரிந்துபோனபோது கீழ்வீட்டு அண்ணன்தான் எல்லாக் கதவையும் தட்டி வசூல் செய்தார். அவர் வீடு மாறிப் போன பிறகு அந்தக் கட்டிடத்தில் படிக்கட்டு விளக்கு எரிந்ததா என்று எனக்குச் சந்தேகம். சின்னக் கட்டிடம் பார்க்கிறவர்கள் வீட்டைவிட அந்த ஒரு ஆளைத்தான் விசாரிக்க வேண்டும்.

குழந்தைகள் விஷயத்தில் பேச்சே இல்லை, பெரிய வளாகம்தான். மாலை ஐந்து மணிக்குக் கீழே போகும் பையன் ஏழரைக்கு வேர்த்து விறுவிறுத்து வருவான். வண்டி பயம் இல்லை, நாங்கள் பின்னாலேயே நிற்க வேண்டியதில்லை, அவன் வயதில் முப்பது பேராவது இருப்பார்கள். பெற்றோர் அழைத்துப் போகாமல் தானாகப் போய்த் தானாக வரும் சுதந்திரம் இந்தக் காலக் குழந்தைக்கு வேறெங்கே கிடைக்கும்? மூன்று வயது முதல் பன்னிரண்டு வரை குழந்தை இருக்கும் வீட்டுக்கு, தூரம், லிஃப்ட், டிக்கெட் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு பெரிய வளாகத்துக்கே போங்கள் என்றுதான் சொல்வேன். பதின்மூன்றுக்கு மேல் அதே கேட் அவர்களுக்குச் சிறையாகப் படும், அது வேறு கதை.

அப்பாவைப் பற்றி என்னால் ஒரு பக்கமாகச் சொல்ல முடியவில்லை. வளாகத்தில் அவருக்கு வாகனம் வராத நடைபாதை கிடைத்தது, தடுக்கி விழும் பயம் போனது, பெஞ்சில் மூன்று நண்பர்கள் கிடைத்தார்கள். ஆனால் அந்த நான்கு பேரும் பேசியது எல்லாம் அவரவர் மகன் மகளைப் பற்றி. “தெருவில் உட்கார்ந்தால் நாலு மனுஷன் போவான், நாலு விஷயம் நடக்கும்” என்பார். யாருக்கு எது வேண்டும் என்று அவரவரிடமே கேட்க வேண்டும். நாங்கள் முதல் தடவை அவரிடம் கேட்கவில்லை.

நடுவில் ஒன்று

கடைசியில் எடுத்தது 60 வீட்டு அடுக்ககம், நான்காவது மாடி. ஒரு ஜிம்கூடக் கிடையாது. கட்டிடத்தைச் சுற்றி வண்டி போகாத பாதை, கீழே ஒரு மணல் தளம், ஒரு மரம், மூன்று பெஞ்சு, இரண்டு லிஃப்ட். இரண்டு லிஃப்டும் ஜெனரேட்டரில் ஓடும். கடைவீதி மதிலிலிருந்து 250 மீட்டர், கேட் அதே பக்கம். கரண்ட் இல்லாத நாளில் 72 படி, அப்பா நிதானமாக இறங்கிவிடுவேன் என்றார்.

இழப்பு இருக்கிறது. பையனுக்குத் துணை முப்பது பேரில் இருந்து ஆறாகக் குறைந்துவிட்டது. அவன் வயதில் இருவர்தான். முதல் வாரம் முழுக்க எங்களிடம் பேசவில்லை. விசிட்டர் பார்க்கிங் இரண்டே இடம், ஞாயிற்றுக்கிழமை சண்டைக்கு அதுதான் காரணம். மெயின்டனன்ஸ் வளாகத்தில் கட்டியதைவிடக் கொஞ்சம் குறைவு, பழைய கட்டிடத்தில் கட்டியதைவிட மிக அதிகம். பையனை மட்டும் மனதில் வைத்துப் பார்த்திருந்தால் நான் இதை எடுத்திருக்க மாட்டேன். பெரியவர்கள் மட்டும் இருந்து, லிஃப்டும் இருந்திருந்தால் சின்னக் கட்டிடத்தையே எடுத்திருப்பேன். மனைவி இன்னும் அந்தப் பன்னிரண்டாவது மாடிக் காற்றைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள். நான் மறுக்கவில்லை, காற்று நன்றாகத்தான் இருந்தது.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை, இரவு ஒன்பதரைக்கு, அந்த வீட்டு வாசலில் இருந்து நானும் பையனும் மருந்துக்கடை வரை நடந்து பார்த்தோம். லிஃப்டையும் சேர்த்து ஆறு நிமிடம். எல்ஆர்41 இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். பக்கத்துக் கடையில் இருந்தது.